யுஎஸ்பி கீபோர்டு விட்டுவிட்டு அறுகிறதா? லினக்ஸ் லாகில் தொடங்குங்கள்

கீபோர்டு ஒரேயடியாகச் செத்துப்போனால் வேலை சுலபம். இரண்டு விநாடி எழுத்து விழாமல் நின்று, நம்லாக் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிற கீபோர்டுதான் ஆளைப் படுத்தும். இதற்கு இணையத்தில் முதலில் கிடைக்கும் வைத்தியம் ஆட்டோசஸ்பெண்டை, அதாவது சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கும் வசதியை, நிறுத்துவது. அது பலிக்கும் இடமும் உண்டு. ஆனால் கேபிளுக்குள் செம்புக்கம்பி அறுந்திருக்கும்போது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அமைப்பை மாற்றி என்ன பயன்? எது எந்த வகை என்பதைக் கர்னல் லாகே (நிகழ்வுப் பதிவே) பெரும்பாலும் சொல்லிவிடும். எதையும் மாற்றுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கட்டளைகளும் கர்னல் செய்திகளும் இங்கே ஒலிப்பின்படி எழுதப்பட்டுள்ளன. டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஓரெழுத்து ஆப்ஷன்களில் குழப்பம் வரும் என்பதால் முழுச்சொல் ஆப்ஷன்களையே தந்திருக்கிறோம்.

லாகை ஓடவிட்டுக் காத்திருங்கள்

சந்தேகத்துக்குரிய கீபோர்டை நம்பி இதைச் செய்ய முடியாது. இன்னொரு கீபோர்டை வேறு போர்ட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியே டெர்மினலில் நுழையும் வழி) வழியாக உள்ளே வாருங்கள். பிறகு:

சூடோ ஜர்னல்சிடிஎல் --டிமெஸ்ஜி --ஃபாலோ

நடுவில் உள்ளது டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்து. கர்னல் செய்திகள் மட்டும் நேரத்தோடு வந்துகொண்டே இருக்கும். இந்த ஜன்னலை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். கீபோர்டு நின்ற கணத்தில் என்ன வரி விழுந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. முந்தைய பூட்டில் நடந்ததைப் பார்க்க ஃபாலோவுக்குப் பதில் --பூட்=-1 போடலாம். சில விநியோகங்களில் பழைய லாக் வட்டில் சேமிக்கப்படுவதில்லை. /வார்/லாக் அடைவுக்குள் ஜர்னல் என்ற அடைவை உருவாக்கி மறுபூட் செய்தால் அன்றிலிருந்து சேமிக்கும்.

லாகைப் பார்க்கவே நேரமில்லை என்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. எல்எஸ்யுஎஸ்பி என்று அடியுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் பஸ் எண்ணும் டிவைஸ் எண்ணும் வரும். ஒரு கருவி அறுந்து மீண்டும் சேரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பஸ்ஸில் அடுத்த டிவைஸ் எண் அதற்குப் போகும். காலையில் 4 ஆக இருந்த கீபோர்டு மாலையில் 31 என்று காட்டினால், நீங்கள் கவனிக்காத நேரத்திலும் அது பலமுறை போய்வந்திருக்கிறது. எண் மாறவே இல்லை, ஆனால் எழுத்து விழவில்லை என்றால் சிக்கல் வேறு வகை. இந்த ஒரு வித்தியாசம் பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

செய்தியில் வரும் 1-3 போன்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பஸ், மூன்றாம் போர்ட் என்று பொருள். 1-3.2 என்றால் மூன்றாம் போர்ட்டில் ஒரு ஹப் (ஒரு யுஎஸ்பி வாயைப் பலவாகப் பிரிப்பது), அந்த ஹப்பின் இரண்டாம் வாயில் கீபோர்டு. ஹப்பே மாட்டவில்லையே என்று நினைக்கலாம். மானிட்டரின் பக்கவாட்டு யுஎஸ்பி வாய்கள், டாக், சில கீபோர்டுகள் என்று பலவற்றுக்குள்ளும் ஹப் ஒளிந்திருக்கும். எல்எஸ்யுஎஸ்பி --ட்ரீ அதை மரமாகக் காட்டும். கீபோர்டின் வரியில் 1.5எம் என்றோ 12எம் என்றோ வேகம் இருக்கும். சாதாரண கீபோர்டுகளில் பல 1.5 மெகாபிட் வேகத்தில், லோ ஸ்பீடில் ஓடுபவை. கேமிங் கீபோர்டுகள் பெரும்பாலும் 12, அதாவது ஃபுல் ஸ்பீடு.

எந்த வரி எதைச் சொல்கிறது

"யுஎஸ்பி டிஸ்கனெக்ட்" என்ற வரி விழுந்து, ஓரிரு விநாடியில் "நியூ லோ-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ் நம்பர்" என்று புது எண்ணோடு திரும்பினால், போர்ட்டின் கண்ணுக்குக் கீபோர்டு உண்மையிலேயே கழன்றுவிட்டது. கருவி இருப்பதை யுஎஸ்பி அறிவது ஒரு சிறிய மின்தடையால்: லோ ஸ்பீடு கருவி டி-மைனஸ் என்ற தரவுக் கம்பியை 1.5 கிலோஓம் வழியாக மேலே இழுத்து வைத்திருக்கும். ஃபுல் ஸ்பீடு கருவி இன்னொரு தரவுக் கம்பியான டி-பிளஸ்ஸை. மின்சாரம் ஒரு கணம் போனாலும், அந்தக் கம்பி ஒரு கணம் விட்டாலும் இழுப்பு நின்றுவிடும். சில மைக்ரோவிநாடி போதும், கருவி போய்விட்டது என்று ஹப் முடிவு கட்டிவிடும். கையால் உணர முடியாத அளவு சிறிய தொடர்புக் குறைவு முழுத் துண்டிப்பாகத் தெரிவது இதனால்தான். இந்த வரியைப் பார்த்தால் கேபிள், பிளக், போர்ட், மின்சாரம் என்ற வரிசையில் தேடுங்கள்.

எரர் -71 என்றால் தரவுக் கம்பியில் வருவது சிதைந்து வருகிறது. அரைகுறையாக அறுந்த டி-பிளஸ் அல்லது டி-மைனஸ், அழுக்கேறிய பிளக், மிக நீளமான எக்ஸ்டென்ஷன் ஆகியவை முதல் சந்தேகம். எரர் -110 என்றால் கேள்வி போனது, பதில் வரவில்லை. கீபோர்டின் கட்டுப்பாட்டுச் சிப் உறைந்துவிட்டது, அல்லது வோல்டேஜ் போதாமல் தடுமாறுகிறது. இரண்டும் கலந்து வந்து, கடைசியில் "அனேபிள் டு எனுமரேட்" என்று முடிந்தால் கர்னல் கைவிட்டுவிட்டது. கழற்றி மாட்டினால்தான் உயிர் வரும்.

"டிசேபிள்ட் பை ஹப் (இஎம்ஐ?)" என்ற வரியில் கேள்விக்குறி கர்னல் போட்டதே. மின்காந்த இரைச்சலாக இருக்கலாம் என்பது அதன் ஊகம். தண்ணீர் மோட்டார் போடும்போது, ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது இது விழுகிறதா என்று நேரத்தை ஒப்பிடுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் ஓடும் கணினியில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

"ஓவர்-கரண்ட்" என்று வந்தால் போர்ட்டில் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கப்படுகிறது, அல்லது கேபிளில் எங்கோ ஷார்ட். அந்தக் கீபோர்டை உடனே கழற்றிவிடுங்கள். சோதனையைத் தொடர வேண்டாம். போர்ட்டுக்குள் வளைந்த தகடோ உலோகத் துகளோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

"ரீசெட் லோ-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்" என்பதும் துண்டிப்பும் வேறு வேறு. ரீசெட்டில் டிவைஸ் எண் மாறாது. பதில் தராத கருவியைக் கர்னல் தட்டி எழுப்புகிறது. சஸ்பெண்டிலிருந்து திரும்பும்போது ஒருமுறை வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

"எச்சி டைட்" என்று வந்தால் கீபோர்டை விட்டுவிடுங்கள். யுஎஸ்பி கன்ட்ரோலரே நின்றுபோயிருக்கிறது; அதில் தொங்கும் மவுஸ், வெப்கேம் எல்லாம் சேர்ந்தே போகும். பயாஸ் புதுப்பிப்பும் கர்னல் பதிப்பு மாற்றமும் பார்க்க வேண்டிய இடம் இது. அதே போல, மவுஸும் கீபோர்டும் ஒரே விநாடியில் அறுந்தால் இரண்டுக்கும் பொதுவான ஹப்பைச் சந்தேகியுங்கள்.

ஒரு வரிகூட விழவில்லையா? அப்படியென்றால் ஆட்டோசஸ்பெண்டோ டெஸ்க்டாப்போ காரணமாக இருக்கலாம். ஆட்டோசஸ்பெண்டைப் பிறகு பார்ப்போம். டாங்கிள் (யுஎஸ்பியில் மாட்டும் சிறிய ரேடியோ வாங்கி) வைத்த வயர்லெஸ் கீபோர்டிலும் இப்படித்தான்: டாங்கிள் யுஎஸ்பியில் உறுதியாக இருக்கும், ரேடியோ மட்டும் அறும், லாக் மௌனமாக இருக்கும். யுஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுவதால், டாங்கிளை ஒரு சிறிய யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷனில் மாட்டிக் கணினியை விட்டுத் தள்ளி வைத்தால் பல நேரம் தீர்ந்துவிடும்.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

ஹப், எக்ஸ்டென்ஷன், கேவிஎம் (ஒரே கீபோர்டைப் பல கணினிக்கு மாற்றும் பெட்டி) எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டில் நேராக மாட்டுங்கள். கேபினெட்டின் முன்பக்க வாய்கள் உள்ளே ஒரு தனிக் கேபிள் வழியாக வருபவை. அந்தக் கனெக்டர் தளர்ந்திருப்பது சகஜம். பின்பக்கத்தில் மாட்டியதும் துண்டிப்பு நின்றுபோனால் கீபோர்டு குற்றவாளி அல்ல.

நீல நிற யுஎஸ்பி 3 வாயிலிருந்து கறுப்பு வாய்க்கு மாற்றினால் சரியாகும் என்ற ஆலோசனை பலிப்பது உண்டு. ஆனால் கீபோர்டு நீல வாயிலும் பழைய நான்கு தகடுகளைத்தான் பயன்படுத்துகிறது. புதிய மதர்போர்டுகளில் இரண்டு வாய்களையும் பெரும்பாலும் ஒரே எக்ஸ்எச்சிஐ கன்ட்ரோலர்தான் நடத்துகிறது. ஆகவே மாற்றிச் சரியானால், பழைய வாயின் தகடுகள் தளர்ந்திருந்தன என்பதே முதல் ஊகமாக இருக்கட்டும். பழைய கீபோர்டும் புதிய கன்ட்ரோலரும் ஒத்துப்போகாத அரிய நேரங்களில் எதிர்மாறான வைத்தியம் பலிக்கும்: நடுவே ஒரு நல்ல யுஎஸ்பி 2 ஹப்பைப் போடுவது. கணினி ஹப்போடு 480 மெகாபிட்டில் பேசும், கீபோர்டோடு மெதுவாகப் பேசும் வேலையை ஹப் ஏற்கும்.

அடுத்து அதே கீபோர்டை வேறு கணினியில் மாட்டுங்கள். வேறு கணினி இல்லையென்றால் யுஇஎஃப்ஐ (பயாஸ்) அமைப்புத் திரையிலேயே அம்புக்குறியை அழுத்திக்கொண்டு சில நிமிடம் இருங்கள். அங்கே லினக்ஸே இல்லை. அங்கும் அறுந்தால் மென்பொருள் ஆராய்ச்சியை அத்தோடு நிறுத்திவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம்.

கேபிள்

லாகை ஓடவிட்டபடியே கேபிளை அசைத்துப் பாருங்கள். இழுக்க வேண்டாம்; மெதுவாக வளைத்தால் போதும். பிளக்கை ஒட்டிய முதல் ஐந்து சென்டிமீட்டரில் தொடங்கி, இரண்டு மூன்று சென்டிமீட்டராக நகர்ந்து, கீபோர்டுக்குள் நுழையும் ரப்பர்க் கழுத்து வரை வாருங்கள். இந்த இரு முனைகளில்தான் பெரும்பாலும் அறுகிறது, ஏனென்றால் வளைவு எல்லாம் அங்கேதான் விழுகிறது. மேசை விளிம்பில் மடங்கும் இடத்தையும், நாற்காலிச் சக்கரம் ஏறும் இடத்தையும் விடாதீர்கள். எலி உள்ள வீட்டில் மேசைக்குப் பின்னாலும் ஒரு பார்வை.

குறிப்பிட்ட ஒரு வளைவில் "டிஸ்கனெக்ட்" விழுந்தால் இடம் தெரிந்துவிட்டது. எந்தக் கம்பி என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். அசைக்கும்போது கீபோர்டின் விளக்குகளும் சேர்ந்து அணைந்தால் 5 வோல்ட் கம்பியோ கிரவுண்டோ விடுகிறது. பின்னொளி அணையாமலேயே துண்டிப்பு விழுந்தால், அல்லது -71 வந்தால், தரவுக் கம்பி. நம்லாக் விளக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மீண்டும் சேரும்போது அது எப்படியும் ஒருமுறை அணையும்.

கேபிள் கழற்றி மாட்டும் வகை என்றால் முதலில் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். சார்ஜ் செய்வதற்கு மட்டுமான கேபிள்களில் தரவுக் கம்பியே இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். புதுக் கேபிளிலும் அதே கதை என்றால் கீபோர்டின் பக்கத்துச் சாக்கெட் போர்டிலிருந்து சாலிடர் விட்டிருக்கலாம். பிளக்கை மேலும் கீழும் லேசாக அழுத்தினால் தெரியும்.

கேபிள் உள்ளேயே பொருத்தப்பட்டது என்றால் கீபோர்டைத் திறக்க வேண்டும். எல்லா ஸ்க்ரூவையும் கழற்றியும் திறக்கவில்லை என்றால் நெம்பாதீர்கள். ரப்பர்க் கால்களுக்கும் ஸ்டிக்கருக்கும் அடியில் இன்னொன்று இருக்கும். உள்ளே கேபிள் நான்கு அல்லது ஐந்து ஊசிகள் கொண்ட சிறிய கனெக்டரில் முடியும். ஐந்தாவது, கேபிளின் ஷீல்டு. முதலில் அந்தக் கனெக்டரை ஒருமுறை கழற்றி அழுத்தி மாட்டுங்கள். சில சமயம் வேலை இத்தோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (கம்பி அறுந்திருக்கிறதா என்று ஒலியால் காட்டும் நிலையில்) வையுங்கள். பிளக்கின் நான்கு தகடுகள் வரிசையாக: 1 ஐந்து வோல்ட், 2 டி-மைனஸ், 3 டி-பிளஸ், 4 கிரவுண்டு. வழக்கமான நிறங்கள் அதே வரிசையில் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு. இந்த நிறங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மலிவான கேபிள்களில் மாறியிருக்கும். போர்டில் அச்சிட்ட எழுத்தைப் பார்த்து, ஒவ்வொன்றையும் அளந்து உறுதி செய்யுங்கள். கம்பியின் இரு முனைகளிலும் மீட்டரின் புரோபுகளை வைத்துக்கொண்டே கேபிளை வளையுங்கள். பீப் ஒலி நடுவில் விட்டுப்போகும் கம்பிதான் அறுந்தது.

கழுத்துப் பகுதியில் அறுந்திருந்தால் அதைத் தாண்டி மூன்று நான்கு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பகுதியைக் கனெக்டரின் கம்பிகளோடு சாலிடர் செய்யலாம். நான்கு இணைப்புகளையும் ஒரே இடத்தில் போடாமல் சற்று முன்பின்னாகத் தள்ளிப் போட்டால் ஒன்றோடொன்று உரசாது. சாலிடருக்கு முன்பே ஹீட்ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும்) குழாயைக் கம்பியில் கோத்துக்கொள்ளுங்கள். மூடுமுன் கேபிள் இழுபடாமல் இருக்க உள்ளே உள்ள பிடியில் மடக்கி வையுங்கள். அதை விட்டால் இழுப்பு முழுவதும் சாலிடரில் விழும். பிளக்குப் பக்கத்தில் அறுந்தால் ஒட்டுப்போடுவதை விடப் பழைய யுஎஸ்பி கேபிள் ஒன்றை முழுதாக மாற்றிவிடுவதே மேல். லோ ஸ்பீடு கீபோர்டு என்றால் நீளம் 3 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

திறந்த கையோடு போர்டில் பச்சைப் படிவமோ வெள்ளைப் படிவமோ இருக்கிறதா என்று பாருங்கள். தேநீர் சிந்திய கீபோர்டு சில வாரம் கழித்து இப்படி நோய்ப்படும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள்.

மின்சாரம்

யுஎஸ்பி 2 போர்ட்டின் அளவு 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 போர்ட்டுக்கு 900. அடாப்டர் இல்லாத ஹப், விதிப்படி ஒரு வாய்க்கு 100 மட்டுமே தர வேண்டும். உங்கள் கீபோர்டு எவ்வளவு கேட்கிறது என்பதை சூடோ எல்எஸ்யுஎஸ்பி --வெர்போஸ் காட்டும் நீண்ட பட்டியலில் மேக்ஸ்பவர் என்ற வரியில் பார்க்கலாம். சாதாரண கீபோர்டு 100 என்று கேட்கும். பல வண்ணப் பின்னொளி உள்ளவை 500 வரை கேட்கும். பின்னொளியை முழுப் பிரகாசத்தில் வைக்கும்போது மட்டும் அறுகிறதா? குறைத்து வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதே ஹப்பில் வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தால், அது சுழலத் தொடங்கும் கணத்தில் வோல்டேஜ் சரியும். கீபோர்டு அந்தக் கணத்தில் விழும். அடாப்டர் உள்ள ஹப்தான் தீர்வு.

ராஸ்பெர்ரி பையில் லாகில் "அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்" என்ற வரி அருகிலேயே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கீபோர்டைத் தொடவே வேண்டாம்; பவர் அடாப்டரையும் அதன் கேபிளையும் மாற்றுங்கள்.

ஆட்டோசஸ்பெண்ட்: எப்போது, எப்படி

லாகில் துண்டிப்பு இல்லை, சற்று நேரம் சும்மா இருந்த பிறகு அடிக்கும் முதல் எழுத்து மட்டும் தொலைகிறது. இதுதான் ஆட்டோசஸ்பெண்டின் அடையாளம். தூங்கி எழும்போது தடுமாறி முழுத் துண்டிப்பாகவே விழும் கீபோர்டும் உண்டு. ஆனால் அதுவும் சும்மா இருந்த பிறகே நடக்கும். வேகமாக டைப் செய்துகொண்டிருக்கும்போது அறுந்தால் இதைக் குற்றம் சொல்லாதீர்கள்.

/சிஸ்/பஸ்/யுஎஸ்பி/டிவைசஸ்/1-3/பவர் என்ற அடைவில் கன்ட்ரோல் என்ற கோப்பைக் கேட் கட்டளையால் பாருங்கள். 1-3 இருக்கும் இடத்தில் உங்கள் எண். ஆன் என்று இருந்தால் ஆட்டோசஸ்பெண்ட் இல்லை, இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஆட்டோ என்று இருந்தால் யாரோ இயக்கியிருக்கிறார்கள். மின்சாரம் மிச்சப்படுத்தும் மென்பொருளான பவர்டாப்பை --ஆட்டோ-டியூன் என்று ஓடவிடுவது வழக்கமான காரணம். அது எல்லாக் கருவியையும் சேர்த்துத் தூங்க வைக்கும். அதே வேலைக்கான டிஎல்பி அப்படியல்ல, கீபோர்டு மவுஸைத் தானே விலக்கிவிடும். சோதிக்க:

எக்கோ ஆன் | சூடோ டீ /சிஸ்/பஸ்/யுஎஸ்பி/டிவைசஸ்/1-3/பவர்/கன்ட்ரோல்

இதனால் சரியானால் நிரந்தரமாக்க யுடெவ் (கருவி மாட்டும்போது அதன் அமைப்புகளைப் போடும் சேவை) விதி எழுதுங்கள். /ஈடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் .ரூல்ஸ் என்று முடியும் ஒரு கோப்பு. அதில் ஒரே வரி. நிபந்தனைகள்: ஆக்‌ஷன் என்பது ஆட், சப்சிஸ்டம் என்பது யுஎஸ்பி, ஐடிவெண்டார், ஐடிபுராடக்ட் இரண்டும் எல்எஸ்யுஎஸ்பி காட்டும் நான்கெழுத்துக் குறியீடுகள். செயல்: பவர்/கன்ட்ரோல் பண்புக்கு ஆன். நிபந்தனைக்கு இரட்டைச் சமக்குறி, செயலுக்கு ஒற்றைச் சமக்குறி. விதி எடுபடவில்லை என்றால் முதலில் இதைச் சரிபாருங்கள். பிறகு சூடோ யுடெவ்ஏடிஎம் கன்ட்ரோல் --ரீலோட், கீபோர்டைக் கழற்றி மாட்டல். பவர்டாப் ஒவ்வொரு பூட்டிலும் தானாக ஓடுகிறது என்றால் விதிக்குப் பிறகு வந்து மாற்றிவிடும். அந்தச் சேவையையே நிறுத்த வேண்டியிருக்கும்.

பூட்டின்போது தரப்படும் கர்னல் வரியில் யுஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1 என்று போடுவது எல்லாக் கருவிக்கும் இயல்பு நிலையை மாற்றும். சோதனைக்குச் சரி, லேப்டாப்பில் நிரந்தரமாக வைத்தால் பேட்டரி வீணாகும்.

பூட் ஆகும்போது மட்டும் கீபோர்டு வராமல், கழற்றி மாட்டினால் வரும் வகைக்கு அதே கர்னல் வரியில் யுஎஸ்பிகோர்.குவர்க்ஸ் உதவும்: ஐடிவெண்டார், ஐடிபுராடக்ட் குறியீடுகளை முக்காற்புள்ளியால் பிரித்து எழுதி, அதே போல மூன்றாவதாக ஜி என்ற எழுத்தைச் சேர்த்தால் கர்னல் தொடக்கத்தில் சற்றுப் பொறுத்துப் பேசும். கோர்சேர் கே70 ஆர்ஜிபி போன்ற சிலவற்றுக்குக் கர்னலே இந்தப் பொறுமையைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது.

தமிழில் அடிப்பவர்களுக்கு

ஐ3, ஓபன்பாக்ஸ் போன்ற எளிய சூழலில், எக்ஸ்11 (திரையையும் கீபோர்டையும் கையாளும் அடுக்கு, சுருக்கமாக எக்ஸ்) மேல் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளை மூலம் தமிழ் லேஅவுட் வைத்திருப்பவர்களுக்குத் துண்டிப்பு வேறு வேடத்தில் வரும்: தமிழ் அடித்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஆங்கில எழுத்து விழும். மீண்டும் சேர்ந்த கீபோர்டை எக்ஸ் புதுக் கருவியாக எடுத்து இயல்பு லேஅவுட்டைக் கொடுத்துவிடுவதே காரணம். எக்ஸ்செட் கட்டளையால் வைத்த, விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து திரும்பத் திரும்ப விழும் வேகமும் சேர்ந்து போகும். ஐபஸ், ஃபிசிடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் வழியாகத் தமிழ்99 அடிப்பவர்களுக்கு இது நேராது; அவை கருவிக்கு மேலே உட்கார்ந்து வேலை செய்பவை. லேஅவுட் தானாக மாறுகிறது என்று டெஸ்க்டாப் அமைப்பில் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை டிவைஸ் எண்ணைப் பார்க்கட்டும். லோகேல்சிடிஎல் செட்-எக்ஸ்11-கீமேப் மூலம் லேஅவுட்டைப் பதித்தால் மீண்டும் சேர்ந்த பிறகும் தமிழ் நிற்கும். துண்டிப்பு அப்படியேதான் இருக்கும்.

கழற்றாமல் உயிர்ப்பிக்க

புதுக் கேபிள் வரும் வரை ஒப்பேற்ற வேண்டுமென்றால், உறைந்த கீபோர்டை எஸ்எஸ்எச் வழியாகவே தட்டி எழுப்பலாம். அதே 1-3 அடைவில் ஆத்தரைஸ்ட் என்ற கோப்பில் முதலில் 0, ஒரு விநாடி விட்டு 1 எழுதுங்கள். கர்னல் கீபோர்டை விலக்கிவிட்டு மறுபடி ஏற்கும். ஆனால் மின்சாரம் துண்டிக்கப்படாததால், சிப் முழுதாக உறைந்திருந்தால் இது எடுபடாது. கையால் கழற்றித்தான் மாட்ட வேண்டும்.